கைத்துப்பாக்கியும் துணைக்கருவியும்

ஒரு கருவியை நம்பத்தக்கது என்று நாம் எதைக் கொண்டு சொல்கிறோம்? அதன் தோற்றத்தைக் கொண்டா? அதனோடு சேர்ந்த துணைக்கருவிகளின் எண்ணிக்கையைக் கொண்டா? இவ்வினாவிற்குச் சரித்திரம் தரும் விடையொன்றை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். போர்க்கருவியின் புகழ் பாடுவது என் நோக்கமன்று. உயிர் ஊசலாடும் இடத்தில் ஒரு பொருளின் குறை ஒளிந்திருக்க இயலாது. ஆதலின் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டேன்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிலிப்பைன்ஸ் தீவுகளில் மோரோ மக்களோடு போரிட்ட அமெரிக்கப் படையினர், தங்கள் '.38' அளவு ரிவால்வர்கள் எதிரியைத் தடுத்து நிறுத்தவில்லை என முறையிட்டனர். 1904இல் இதனை ஆராய்ந்த தாம்சன், லகார்டு என்னும் இரு அதிகாரிகள் '.45' அளவுக் குண்டே வேண்டும் என்றனர். 1907இல், தானே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கிகளிடையே போட்டி தொடங்கியது. ஜெர்மனியின் லூகர் துப்பாக்கி அதிற் கலந்துகொண்டு பின்னர் விலகிற்று. இறுதியில் எஞ்சியவை, ஜான் பிரவுனிங் வகுத்த கோல்ட் துப்பாக்கியும் சாவேஜ் துப்பாக்கியுமே.

1910ஆம் ஆண்டுச் சோதனையில் கோல்ட்டிலும் குறைகள் காணப்பட்டன. அவற்றைத் திருத்தியபின், 1911 மார்ச்சில் இரண்டையும் 6,000 முறை வீதம் சுட்டுப் பார்த்தனர். சாவேஜ் 37 முறை தடைப்பட்டது. கோல்ட் ஒருமுறையேனும் தடைப்படவில்லை. அம்மாதம் 29ஆம் நாள் அமெரிக்கத் தரைப்படை அதனை ஏற்றது. 1985இல் பெரெட்டா துப்பாக்கி அதன் இடத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படும்வரை, 74 ஆண்டுகள் அதுவே அப்படையின் முதன்மைக் கைத்துப்பாக்கியாக விளங்கியது.

விலகிச் சென்ற லூகரின் கதையையும் கேளுங்கள். முதல் உலகப் போரில் அதன் நீண்ட குழல் வகைக்கு மரத்தாலாகிய தோட்கட்டை ஒன்றைப் பூட்டினர். நீண்ட துப்பாக்கியைச் சுமக்க இயலாத பீரங்கிப் படையினருக்கு அது பயன்பட்டது. பின்னர் 8 தோட்டாக்கள் கொள்ளும் கூட்டிற்கு மாற்றாக, 32 தோட்டாக்கள் கொள்ளும் நத்தை வடிவக் கூடு ஒன்றைச் சேர்த்தனர். எண்ணிக்கை பெருகியது உண்மையே. ஆனால் பாரமும் பெருகியது. தோட்டா நிரப்பத் தனிக்கருவி வேண்டியிருந்தது. சேறும் புழுதியும் நிறைந்த அகழிகளில் அந்நுட்பமான பொறி தொல்லை தந்தது. அதே கூட்டைப் பயன்படுத்திய எம்.பி.18 என்னும் துப்பாக்கிக்கு, போர் முடிந்தபின் எளிய நீள்பெட்டிக் கூடே பொருத்தப்பட்டது.

அங்ஙனமாயின் மாற்றமே கூடாதா? கூடும். 1920களில் கோல்ட்டின் விசையைக் குறுக்கினர்; சுடுவோர் கையைச் சுத்தியல் கடிக்காதபடி பிடியின் மேற்பகுதியை நீட்டினர். சிறு திருத்தங்களே, ஆயினும் அவை பயன்படுத்தியவர்களின் கைகள் உணர்ந்த குறையிலிருந்து பிறந்தவை. நத்தைக் கூடோ, ஒரு குறையைத் தீர்க்க வந்து மூன்று குறைகளைக் கொணர்ந்தது.

மாணவர்களே, எந்தக் கருவியோடும் புதிதாக ஒன்றைச் சேர்க்க முற்படும்போது, அது தருவது என்ன என்று கேட்பதோடு நில்லாது, கேட்கும் விலை என்ன என்றும் கேளுங்கள். ஆறாயிரம் முறை சுட்டுப் பார்த்தவர்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடம் அதுவே.