ஒற்றைப் பாயும் ஒரு கரைத் தொழிலும்

புறநானூற்றின் 66ஆம் பாடலிலே வெண்ணிக்குயத்தியார் கரிகாலனைப் போற்றும்போது, காற்றைத் தன் ஏவலுக்குப் பணிவித்துக் கடலிற் கலஞ் செலுத்தியவனின் வழித்தோன்றல் என விளிக்கின்றார். காற்றை ஆண்ட பெருமை அரச குலத்துக்குப் போயிற்று. பாயை முடைந்தவன் யார், கயிற்றைப் பிடித்து நின்றவன் யார் என்பதற்கு அப்பாடலில் இடமில்லை. பாடியவரின் பெயரே குயவர் குலத்தை நினைவூட்டுவது. எனினும் உழைப்பாளி பாட்டுக்குள் நுழைந்தானில்லை. நமது கடல் வரலாறும் பெரும்பாலும் இவ்வழியிலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. சோழரின் கடற்படை, அராபியரின் வணிகம், போர்த்துக்கேயரின் வருகை, ஒல்லாந்தரின் கோட்டை என்று அது விரியும். கரையோரத்து ஒற்றைப் பாய்த் தோணியோ படத்தின் மூலையில் வரைந்த அலங்காரமாகவே நின்றுவிடுகின்றது.

அந்தத் தோணிகளுள் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம். இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளிலே சிங்களத்தில் ‘ஒருவ’ என வழங்கும் தோணி அது. சிங்களமும் தமிழும் ஒரே வீட்டில் ஒலிக்கும் நீர்கொழும்புக் கரையிலும் அதனைக் காணலாம். ஒரே மரத்தைக் குடைந்து அடிப்பகுதி செய்கிறார்கள். அதன்மேல் பலகைகளை நிறுத்தித் தென்னங்கயிற்றினால் தைக்கிறார்கள், இரும்பாணி கிடையாது. ஒருவன் இரு கால்களையும் அருகருகே வைத்து அமர முடியாத அளவுக்கு ஒடுங்கிய உடல் இது. தனியே விட்டால் உருண்டுவிடும். ஆகவே ஒரு பக்கத்திலே சற்றுத் தள்ளி ஒரு மிதப்புக்கட்டையை, வளைந்த இரு கழிகளால் இணைத்துக் கட்டுகிறார்கள்.

பாய் ஒன்றே ஒன்று. உயர்ந்த நாற்கோணத் துணி. அதன் மேல் மூலைகள் இரண்டையும் இரு மூங்கிற் கழிகள் ஏந்தி நிற்கின்றன. பாயைப் பல துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கயிறும் கப்பியும் பூட்டும் சிக்கல் இங்கு இல்லை. துணி உக்காதிருக்க மரப்பட்டைச் சாயத்தில் தோய்ப்பார்கள்; காற்று மெலிந்தபோது கடல் நீரை அள்ளிப் பாயின்மேல் வீசுவார்கள். நனைந்த பருத்தி நூல் பருத்து, நெசவின் கண்கள் அடைபட, காற்று ஊடுருவிப் போகாது. உறங்கும் பாய்க்கும் கலத்தின் பாய்க்கும் நம் மொழியில் ஒரே சொல் இருப்பதையும் போகிற போக்கில் நினைத்துக்கொள்வோம். பசிபிக் தீவினர் தாழை ஓலையில் முடைந்த பாய்களையே தம் தோணிகளில் ஏற்றினர்.

இத்தோணியின் நுட்பம் யாவும் திரும்புவதிலேயே இருக்கின்றது. மிதப்புக்கட்டை எப்பொழுதும் காற்று வரும் பக்கத்திலேயே நிற்கவேண்டும். எதிர்ப்பக்கத்தில் நின்றால், பாயின் அழுத்தம் அதனை நீருக்குள் அமுக்கிவிடும். எனவே, காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து ஏறும்போது ஏனைய கலங்களைப்போல முகத்தைத் திருப்ப இதற்கு இயலாது. பாயையும் சுக்கானையும் மறு முனைக்கு மாற்றுகிறார்கள். முன்னணியம் பின்னணியமாகிறது, பின்னணியம் முன்னணியமாகிறது. இரு முனைகளும் ஒரே வடிவாக அமைந்திருப்பது இதற்காகவே.

இதை அறிந்த பின்னர் பழைய யவன, உரோமக் குறிப்புகளைப் படித்தால் அவை வேறொரு பொருள் தருகின்றன. அலெக்சாந்தருடன் கி. மு. 4ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஒனெசிகிரிட்டஸ், தப்ரபேன் கடலில் ஓடும் கலங்களின் பாய்கள் தரங்குறைந்தவை என்று கூறியதாக ஸ்திராபோ எழுதுகிறார். உள்விலா எலும்பு இல்லாத கட்டுமானம் என்பது இன்னொரு குறை. கி. பி. 77 அளவில் எழுதிய பிளினியோ, ஒடுங்கிய கால்வாய்களில் திரும்ப வேண்டியிராதபடி இக்கலங்களுக்கு இரு முனையிலும் முன்னணியம் உண்டு என்கிறார். இருவரும் தம் நாட்டுக் கப்பலையே அளவுகோலாகக் கொண்டனர். பிளினி கண்ட காரணம் முழுமையானதென நமக்குத் தோன்றவில்லை. இரு முகங்கொண்ட கலம் என்றதும், மிதப்புக்கட்டையைக் காற்றுப் பக்கம் வைத்தோடும் தோணி மரபே நம் நினைவுக்கு வருகின்றது. எளிமையை வறுமையென்று எண்ணும் பார்வை அன்றே தொடங்கிவிட்டது.

காற்றை அளக்கவும் இத்தொழிலாளரிடம் ஒரு கருவி இருந்தது; அது அவர்களின் உடம்பேயாகும். காற்று வலுக்கும்போது மிதப்புக்கட்டை நீரை விட்டு எழும்; அதை அமுக்க ஒருவன் கழியின்மேல் ஏறிப் போகவேண்டும். இன்னும் வலுத்தால் இன்னொருவன். ‘ஓராட் காற்று’, ‘ஈராட் காற்று’ என்று அவர்கள் கணக்கிட்டதை 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியர் வியப்புடன் குறித்து வைத்தனர். அலையின்மேல் ஒரு கழியிலே கால் வைத்து நிற்பவனின் நிலையை எண்ணியபோது அவர்களுக்கு அத்தனை வியப்பு வந்ததாகத் தெரியவில்லை.

பழமை என்பதற்காகவே பாய்த்தோணியைக் கொண்டாடுவோர் அணியில் நாம் இல்லை. பாயின் காலத்திலும் வலைக்கொரு பங்கு, தோணிக்கொரு பங்கு என்று எடுத்த பின்னரே உழைப்பாளியின் பங்கு கணக்கிடப்பட்டது. வலையும் தோணியும் பெரும்பாலும் சம்மாட்டியினுடையவை. கடனும் அவனிடமே. ஆனால் ஒன்று உண்மை: காற்று மட்டும் பங்கு கேட்கவில்லை.

1958இல் அரசு இயந்திரமயத் திட்டத்தைத் தொடங்கி, மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளைத் தவணை முறையில் வழங்கிற்று. பின்னர் கண்ணாடியிழைப் படகுகளும் வெளியிணை இயந்திரங்களும் பரவின. தொலைவு கூடியது, மீனும் கூடியது, கழியின்மேல் நிற்கும் ஆபத்துக் குறைந்தது. இவையெல்லாம் நன்மைகளே. எனினும் பிடித்த மீனை விற்று வந்த பணத்திலே எரிபொருட் செலவு முதலில் கழிந்தது, எஞ்சியதையே பங்கிட்டனர். கடலுக்குப் போகலாமா என்பதை அதுவரை வாடையும் சோழகமும் தீர்மானித்தன. இனி அத்தீர்மானத்தில் அந்நியச் செலாவணிக்கும் ஒரு குரல் கிடைத்தது.

2022இல் நாட்டின் செலாவணி வற்றியபோது மண்ணெண்ணெய் கிடையாமற் படகுகள் மணலில் கிடந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தது. அந்தப் படகுகளிலே பாய் ஏற்றப் பாய்மரம் இல்லை. பாய் தைக்கவும் முனை மாற்றவும் அறிந்தவர்களோ பெரும்பாலான கரைகளில் முதியவர்களாகிவிட்டார்கள்.