கொத்துக்குள் கொத்து

கொத்து என்றால் நமக்குப் பூங்கொத்து, சாவிக்கொத்து. வானத்தில் கேலக்ஸிகளும் கொத்துக் கொத்தாகத்தான் கிடக்கின்றன. பெரிய கொத்தில் ஆயிரத்துக்கும் மேல். அவை எப்படித் திரண்டிருக்கின்றன என்று கேட்டவர்களில் இருவரை அருகருகே வைத்துப் படிக்கலாம்.

ஒருவர் வேரா ரூபின். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வானியல் ஆய்வுப் படிப்பில் 1975 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. ரூபின் கார்னெல்லில் முதுகலை முடித்து, ஜார்ஜ்டவுனில் மாலை வகுப்பில் சேர்ந்தார். கணவர் காரில் கொண்டுபோய் விட, பெற்றோர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். (கதிர்காமத்தில் என் மாணவியரிடம் இதைச் சொன்னால், வானியலை விட்டுவிட்டு அந்தக் கணவரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.) 1954இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, கேலக்ஸிகள் சீராகத் தூவப்படவில்லை, திட்டுத்திட்டாகச் சேர்ந்திருக்கின்றன என்றது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது பெரிதாகக் கண்டுகொள்ளப்படவில்லை.

மற்றவர் பிரியம்வதா நடராஜன். கோயம்புத்தூரில் பிறந்து தில்லியில் வளர்ந்தவர். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம், இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கேம்பிரிட்ஜின் ட்ரினிட்டி கல்லூரியில் வானியற்பியல் துறையிலிருந்து ஃபெல்லோவான முதல் பெண் இவர். ரூபின் கொத்துகள் உண்டா என்று பார்த்தார். இவர் கொத்தின் உள்ளே பார்க்கிறார்.

உள்ளே பார்ப்பது எளிதல்ல. ஒரு கொத்தின் நிறையில் ஏறத்தாழ 85 விழுக்காடு கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள். தமிழ் படித்த எனக்கு இச்சொல் எப்போதும் ‘கருப்பொருள்’ என்றே காதில் விழும். ஒளியே தராத ஒன்றை எப்படி வரைவது? செய்தித்தாளின் மேல் கனத்த கண்ணாடி டம்ளரை வைத்தால் அடியிலுள்ள எழுத்துகள் வளைந்து தெரியும். கொத்தின் ஈர்ப்பும் பின்னாலிருக்கும் கேலக்ஸிகளின் ஒளியை அப்படியே வளைக்கிறது. அந்த வளைவை அளந்து, நிறை எங்கே குவிந்திருக்கிறது என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். வரைபடத்தில் நடுவில் ஒரு பெரிய மேடு, அதன்மேல் ஒவ்வொரு கேலக்ஸியும் இருக்குமிடத்தில் சிறுசிறு முடிச்சுகள்.

2020இல் இத்தாலியரான மாசிமோ மெனகெட்டி தலைமையில், பிரியம்வதாவும் இடம்பெற்ற குழு 11 கொத்துகளை ஆராய்ந்து ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. அந்தச் சிறு முடிச்சுகள், கணினி மாதிரிகள் எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக ஒளியை வளைத்தன. பிழை மாதிரிகளிலா, கரும்பொருள் பற்றிய நம் புரிதலிலா என்ற விவாதம் தொடர்கிறது. இம்முறை யாரும் அதைக் கண்டுகொள்ளாமல் விடவில்லை.