கழுவும் அறையும் ஆலையும்: கண் அறுவையில் ஒருமுறைக் கருவிகள் குறித்து

2001 ஜனவரியில் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. டான்சில் அறுவைக்கு இனி ஒருமுறை பயன்படுத்தி வீசும் கருவிகளையே கையாள வேண்டும் என்றது அது. மாட்டுப் பைத்திய நோய் மனிதரிடம் எடுத்த வடிவத்தில், பிரையான் என்ற புரதம் டான்சில் திசுவிலும் தங்கக்கூடும். வழக்கமான ஆட்டோகிளேவ் வெப்பம் அதை முழுதாக அழிப்பதில்லை. அந்த அளவில் ஆணையின் தர்க்கத்தில் ஓட்டை கிடையாது. ஆனாலும் அதே ஆண்டு டிசம்பரில் அரசு பின்வாங்கியது. புதிய கருவிகளால் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இரத்தப்போக்கு கூடுவதாக அறிக்கைகள் வந்திருந்தன. என்றோ வரலாம் என்று அஞ்சிய தீங்கைத் தடுக்கப் போய், அன்றாடம் நிகழும் தீங்கு ஒன்றை வரவழைத்துக்கொண்டார்கள்.

கண் அறுவை பற்றிய கட்டுரையைத் தொண்டையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஒருமுறைக் கருவி குறித்த விவாதம் நம்மிடையே பெரும்பாலும் இரண்டே குரல்களில் நடக்கிறது. உறையைக் கிழித்து எடுத்த பொருள் தூயது, கழுவி எடுத்த பொருள் ஐயத்துக்குரியது என்பது ஒன்று. உறைக்குள் வருவதெல்லாம் வணிகச் சூழ்ச்சி, குப்பை மலை என்பது மற்றொன்று. இரண்டும் கருவியை மட்டுமே பார்க்கின்றன. ஒருமுறைக் கருவி ஆபத்தை ஒழிப்பதில்லை, மருத்துவமனையின் கழுவும் அறையிலிருந்து அதை எங்கோ இருக்கும் ஆலைக்கு இடம் மாற்றுகிறது என்பதே என் வாதம். அந்த இடமாற்றம் நல்லதா என்பதை ஒவ்வொரு பொருளின் அமைப்பையும், அதைக் கழுவும் இடத்தின் திறனையும் வைத்தே தீர்மானிக்க முடியும்.

பிரையானிலிருந்தே தொடரலாம், ஏனெனில் கண்ணுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. கார்னியா மாற்று அறுவை வழியாக, பிரையானால் வரும் கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் நோய் பரவிய நிகழ்வு 1974-லேயே மருத்துவ இதழில் பதிவானது. விழித்திரையும் பார்வை நரம்பும் மூளையின் நீட்சிகள். அதனால்தான் 2006-இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் வெளியிட்ட வழிகாட்டுதல், மூளை அறுவையோடு கண்ணின் பின்பகுதி அறுவையையும் உயர் ஆபத்துப் பட்டியலில் வைத்தது. தீர்வாக அது முன்வைத்ததில் பெரும் பகுதி, கருவிகளை வீசுவதைப் பற்றியதாக இல்லை. ஒரு தொகுப்பின் கருவி இன்னொரு தொகுப்போடு கலக்கக் கூடாது என்றது. 1997 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குத் தனிக் கருவித் தொகுப்பு வைக்கச் சொன்னது. டான்சில் பாடத்தைக் கற்ற நாட்டின் நிதானம் இது. எந்தக் கருவி எந்த உடலைத் தொட்டது என்ற கணக்கு இருந்தால் மறுபயன்பாட்டுக்கும் வரம்பு கட்டலாம். கணக்கு இல்லாத இடத்தில்தான் வீசுவது ஒன்றே வழியாகிறது.

இனி அறுவை மேசைக்கு வருவோம். கண்புரை அறுவைத் தட்டில் இருக்கும் பொருள்களை ஒரே கூடையில் போட்டுப் பேசுவதுதான் இந்த விவாதத்தின் பெரிய பிழை.

கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கார்னியாவை வெட்டும் எஃகுக் கத்தியான கெரட்டோம் ஒருமுறைக்கானது என்பதற்கு உண்மையான காரணம் கிருமி அன்று, கூர்மை. மழுங்கிய கத்தி கார்னியாவில் பிசிறான வெட்டை உண்டாக்கும். வெட்டு தானே மூடிக்கொள்ளாமல் கசிந்தால், இமையோரத்துக் கிருமி உள்ளே போக வழி கிடைக்கும். வைரக் கத்தி இதே வேலையை ஆண்டுக்கணக்கில் செய்கிறது, அதைக் கழுவி வேகவைப்பதை யாரும் குறை சொல்வதில்லை. ஃபோர்செப்ஸ், இமை விரிப்பான் போன்ற திறந்த பரப்புள்ள எஃகுக் கருவிகளுக்கும் இதே நிலைதான். கையால் தேய்த்துக் கழுவலாம், கண்ணால் பார்த்துச் சோதிக்கலாம், 134 பாகை செல்சியஸில் நீராவிக்கு அனுப்பலாம். இவற்றைத் தூக்கி எறிய மருத்துவக் காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

திரவம் செலுத்தும் மெல்லிய குழலான கேனுலாவின் கதை வேறு. அதற்குள் விரல் போகாது, கண்ணும் போகாது. அறுவையின்போது கண்ணுக்குள் செலுத்தும் விஸ்கோஎலாஸ்டிக் என்ற பிசுபிசுப்பான திரவம் குழலுக்குள் உலர்ந்துவிட்டால் எளிதில் நீங்காது. அதைக் கரைக்க ஊற்றும் நொதிச் சோப்பு சரியாக அலசப்படாவிட்டால் அதுவும் தங்கிவிடும். ஆட்டோகிளேவ் கிருமியைக் கொல்லும், ஆனால் செத்த கிருமியின் நச்சையும் சோப்பின் எச்சத்தையும் அப்படியே விட்டுவிடும். அடுத்த கண்ணுக்குள் அவை போனால் ஒன்றிரண்டு நாளுக்குள் கார்னியா வெளுத்து வீங்கும், முன்னறையில் கடும் அழற்சி தோன்றும். டாஸ் என்று கண் மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் இந்த நிலையில் கிருமி இருப்பதில்லை. முறைப்படி கிருமி நீக்கிய கருவியே இதைத் தருகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. கருவிச் சுத்திகரிப்பு பற்றிய அமெரிக்கக் கண் மருத்துவர்களின் பணிக்குழு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உள்விழிக் கருவிகளுக்கு நொதிச் சோப்பு கட்டாயமில்லை என்றும் தாராளமாக நீர்விட்டு அலசுவதே முக்கியம் என்றும் சொன்னது இதனால்தான். தாராளமாக அலசுவதற்கு நல்ல நீர் வேண்டும், நேரம் வேண்டும், அவசரப்படுத்தப்படாத ஊழியர் வேண்டும். இவை வாய்க்காத இடத்தில் மெல்லிய குழல் கேனுலாக்களை வீசிவிடுவதே நல்லது.

அறுவையின்போது கண்ணைச் சுற்றி மூடும் டிரேப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துணி டிரேப் நூற்பிசிறு உதிர்க்கும், ஒட்டும் பிளாஸ்டிக் உறை இமைமயிரை மறைத்துக் காக்கும். இங்கே பிளாஸ்டிக் வெல்கிறது, அளவைக் குறைத்துக்கொண்டால் போதும்.

இந்தப் பிரிப்புகள் எல்லாம் மேசையில் உட்கார்ந்து செய்வன. களத்தில் சோதித்துப் பார்த்தவர்கள் யார் என்றால், 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையினரைத்தான் சொல்ல வேண்டும். அங்கே அறுவைகளுக்கு இடையில் ஒவ்வொரு முறையும் கையுறை மாற்றுவதில்லை, கிருமிநாசினியால் துடைத்துத் தொடர்கிறார்கள். குறுஞ்சுழற்சி நீராவியில் கருவிகளைத் திருப்புகிறார்கள். மேலைநாட்டு மருத்துவமனை ஆய்வாளர் ஒருவர் பார்த்தால் புருவத்தை உயர்த்துவார். ஆனால் 42,000-க்கும் மேற்பட்ட அறுவைகளை வைத்து அவர்கள் 2009-இல் வெளியிட்ட கணக்கில் உள்விழித் தொற்று 0.09 விழுக்காடு. 2017-இல் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளின் கணக்கு வந்தது. அறுவை முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்தத் தொடங்கிய பிறகு, 0.07 விழுக்காடாக இருந்த தொற்று 0.02-ஆக இறங்கியிருந்தது.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும், அது வலுவானது. தொற்றைக் குறைத்தது மருந்துதான், மறுபயன்பாட்டின் குறையை மருந்து மூடி மறைத்திருக்கலாம் அல்லவா? ஓரளவுக்கு ஏற்கலாம். மருந்துக்கு முந்தைய அளவுகூடப் பயமுறுத்தும்படி இல்லை என்பதை மட்டும் பதிலாகச் சொல்லலாம். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது எண்களின் இயல்பு. 0.02 விழுக்காடு என்றால் 5,000 கண்ணில் ஒன்று. ஆண்டுக்கு 500 அறுவை செய்யும் மருத்துவர் சராசரியாகப் பத்தாண்டுக்கு ஒருமுறைதான் அதைக் காண்பார். தொடர்ந்து 1,000 அறுவையில் ஒரு தொற்றும் வரவில்லை என்றாலும், உண்மை விகிதம் 0.3 விழுக்காடு வரை இருக்க இடமுண்டு என்பதே புள்ளியியல் தரும் விடை. ‘என் கையில் இதுவரை ஒன்றும் ஆனதில்லை’ என்ற சொல் கழுவுபவர் வாயிலிருந்து வந்தாலும் வீசுபவர் வாயிலிருந்து வந்தாலும் சான்றாகாது. இலட்சங்களில் அறுவை செய்து, ஒவ்வொரு தொற்றையும் எழுதிவைக்கும் இடத்தால் மட்டுமே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

அதே காரணத்தால் அரவிந்தின் எண்ணைச் சிறிய மருத்துவமனை ஒன்று கடன் வாங்கவும் முடியாது. அந்த 0.02-க்குள் மாக்ஸிஃப்ளாக்சசின் மட்டும் இல்லை, ஒரே வேலையை ஆண்டுக்கணக்கில் செய்து பழகிய செவிலியரும், தினமும் எழுதப்படும் பதிவேடும் இருக்கின்றன. 2008-இல் பெரம்பலூரில் முகாம் வழியாக அழைத்துவரப்பட்டு அறுவை செய்துகொண்டவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் பார்வை இழந்ததை இந்த மாநிலம் மறந்துவிட முடியாது. அச்சத்துக்குக் காரணமில்லை என்று யாரும் சொல்லவில்லை. வாரம் நான்கு அறுவை நடக்கும் ஊர் மருத்துவமனையில், ஆட்டோகிளேவைச் சரிபார்க்கும் ஸ்போர் சோதனையை யார் எப்போது செய்தார்கள் என்று சொல்ல ஆள் இல்லையென்றால், அங்கே உறைக்குள் வரும் கருவியே நேர்மையான தேர்வு.

ஆனால் உறைக்குள் இருப்பது எங்கிருந்து வருகிறது? எஃகுக் கருவி என்றால் பெரும்பாலும் ஜெர்மனியின் டுட்லிங்கன் அல்லது பாகிஸ்தானின் சியால்கோட். சியால்கோட் பட்டறைகளில் குறைந்த கூலியும் சிறுவர் உழைப்பும் இருப்பதை 2006-இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்று எழுதியது. அங்கே கையால் தீட்டிய ஃபோர்செப்ஸ் ஒரு கண்ணைத் தொட்டுவிட்டுக் குப்பைக்குப் போகிறது என்பதை எந்தக் கொள்முதல் கணக்கும் காட்டுவதில்லை. உறையிட்ட பொருள்களில் கணிசமானவை எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்கப்படுகின்றன. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான வாயு. 2019-இல் இல்லினாய் மாநிலத்தில் அத்தகைய ஆலை ஒன்று சுற்றுப்புற மாசினால் மூடப்பட்டபோது, மருத்துவக் கருவிகளுக்குத் தட்டுப்பாடு வரலாம் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரித்தது. கழுவும் அறையில் தவறு நேர்ந்தால் ஒரு மருத்துவமனை பாதிக்கப்படும். ஆலையில் நேர்ந்தால் பல மாநிலங்கள். 2005-இல் அமெரிக்காவில் பரவிய டாஸ் நோய்க்குக் காரணம், ஆலையிலேயே கிருமிநச்சு கலந்த உப்புக் கரைசல். சென்னைக்கு அருகே தயாரான கண் சொட்டுமருந்தோடு தொடர்புபட்ட சூடோமோனாஸ் தொற்று, 2022-23-இல் அமெரிக்காவின் 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியது. நான்கு பேர் இறந்தார்கள். இந்த இரண்டும் பயன்படுத்துபவர் கைக்கு முத்திரையோடு வந்து சேர்ந்தவை.

சூழல் கணக்கு இங்கேதான் வருகிறது, இதையே முதல் வாதமாக வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அரவிந்தில் பேக்கோ வகைக் கண்புரை அறுவை ஒன்றுக்கு ஏறத்தாழ 250 கிராம் குப்பையும் 6 கிலோ கரியமிலவாயுவுக்கு இணையான உமிழ்வும் என்று 2017-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அந்த உமிழ்வு பிரிட்டனின் அளவில் ஏறத்தாழ 5 விழுக்காடே என்பது அந்த ஆசிரியர்களின் ஒப்பீடு. கார்டிஃப் நகரில் செய்த முந்தைய ஆய்வு ஓர் அறுவைக்கு 180 கிலோவுக்கு மேல் கண்டது, அதில் பாதிக்கு மேல் கொள்முதல் பொருள்களால் வந்தது. இரண்டு ஆய்வுகளின் கணக்கு முறையும் ஒன்றில்லை, ஆகவே விகிதத்தைத் துல்லியமாகக் கொள்ள வேண்டாம். அரவிந்தின் உமிழ்விலும் பெரும் பங்கு கருவிகளைக் கிருமி நீக்குவதிலிருந்தே வருகிறது, நீராவியும் இலவசமில்லை. இருந்தும் வேறுபாட்டின் அளவு மறுக்க முடியாதது. நோயாளியின் கண்ணைப் பணயம் வைத்து அதைப் பெற வேண்டியதில்லை என்பதே மதுரை எண்கள் தரும் செய்தி. கண்ணுக்குக் கேடு என்று தெரிந்திருந்தால் கரியமிலவாயு வாதம் ஒரு நிமிடமும் நிற்காது.

அப்படியானால் லேபிளை எப்படிப் படிப்பது? ஒரு கருவியை மறுபயன்பாட்டுக்குரியது என்று விற்க வேண்டுமானால், எப்படிக் கழுவுவது, எப்படி வேகவைப்பது என்று சோதித்து நிறுவிய முறையைத் தயாரிப்பாளர் தர வேண்டும். ஒருமுறை என்று அச்சிட்டுவிட்டால் அந்தச் சுமை இல்லை, விற்பனையும் பெருகும். ஒரே உலோகத்தில் செய்த பேக்கோ முனை இரு வகையாகவும் சந்தையில் கிடைக்கிறது. சில பேக்கோ இயந்திரங்களின் திரவக் கேசட்டில் நாள் முழுவதும் ஓடும் வகையும் உண்டு. ஆக, அந்த அச்சு சில நேரம் பொருளின் எல்லையைச் சொல்கிறது, சில நேரம் தயாரிப்பாளர் செய்யாமல் விட்ட சோதனையைச் சொல்கிறது. வாங்குபவருக்கு எது எது என்று தெரிய வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017 விதிகள், ஒருமுறைக் கருவியை மறுசெயல்படுத்துபவரையே தயாரிப்பாளராகக் கருதிப் பொறுப்பேற்க வைக்கின்றன, அதுவும் அந்தந்த நாட்டுச் சட்டம் அனுமதித்தால் மட்டுமே. பொறுப்பு யார் தலையில் என்பது அங்கே தெளிவு. ஆனால் வீசச் சொல்பவர் அதற்கான காரணத்தை நிறுவ வேண்டும் என்று அந்த விதி அதே அழுத்தத்தோடு கேட்பதாகத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் இதைக் கேட்கும் வலு உள்ள வாங்குநர் ஒருவர் இருக்கிறார். 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை மொத்தமாக வாங்கி, தொகுதி தொகுதியாக ஆய்வகச் சோதனைக்கு அனுப்பிய பிறகே விநியோகிக்கும் முறையை நிலைநாட்டிய நிறுவனம். கண் அறுவைப் பொருள்களுக்கான ஒப்பந்தப்புள்ளியில் அது சில கேள்விகளைச் சேர்க்கலாம். ஒருமுறை என்று அச்சிட்ட கருவிக்கு அந்த வரம்பின் காரணம் என்ன: கூர்மையா, குழலா, பொருளின் தேய்மானமா, அல்லது சோதிக்கப்படாமையா? மறுபயன்பாட்டுக் கருவி எத்தனை நீராவிச் சுழற்சிக்குச் சோதிக்கப்பட்டது? உறையிட்ட பொருள் எந்த ஆலையில், எந்த முறையில் கிருமி நீக்கப்பட்டது? நான்காவதாக ஒன்றை விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை, வாங்கும் மருத்துவமனையிடம்தான் கேட்க வேண்டும்: கழுவும் அறையின் பதிவேட்டில் கடைசிக் கையெழுத்து எந்தத் தேதியுடையது?