ஆனையிறவு தாண்டிய படிப்பு

உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்வதென்றால் குடாநாட்டுப் பிள்ளை ஆனையிறவைத் தாண்டியே ஆகவேண்டும் என்ற நிலை 1974 வரை இருந்தது. தாண்டிப் போய்ச் சேருமிடம் நகரமா, ஒதுக்குப்புற வளாகமா என்ற கேள்வி நம் கல்லூரியின் நூறு ஆண்டுகளில் பலமுறை உருமாறியிருக்கிறது.

1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. முழுப் பல்கலைக்கழகத்தை எங்கே அமைப்பது என்ற வாதம் அதன்பின் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்த்தன கண்டிப் பக்கத்துக்காக உறுதியாக நின்றார். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலேயே பிறந்தது. 1952 இல் அதன் பெரும்பகுதி பேராதனைக்குப் போனது. தங்கிப் படித்தால் குணநலன் வளரும் என்பது பெரியவர்களின் வாதம். பெண்பிள்ளையைப் பெற்றவர்களுக்கோ, இரவில் மகள் எங்கே தங்குவாள் என்பதே முதற் கவலை. சங்கமித்தை, ஹில்டா ஒபேசேகர போன்ற விடுதிகள் அதற்கு விடையளித்தன.

1870 இல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரியின் வழிவந்த மருத்துவ பீடம் நகரத்தை விட்டு அசையவில்லை. நோயாளி இருக்குமிடத்தில்தான் வைத்தியம் படிக்கலாம். 1962 இல் பேராதனையிலும் மருத்துவ பீடம் வந்தபோது, மாணவர் நோயாளரைப் பார்க்கக் கண்டி ஆஸ்பத்திரிக்கே போனார்கள்.

1974 இல் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில், யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. அப்போது நாட்டில் இருந்தது ஒரே பல்கலைக்கழகம். மற்றவை அதன் வளாகங்கள். இன்றும் நாம் 'கம்பஸ்' என்று சொல்வது அதனால்தான். பெயர் கம்பஸ் என்றாலும் அது இருந்தது ஊர்மனைக்குள். வீட்டிலிருந்தே சைக்கிளில் போய்வர முடிந்தது. 1978 இல் மருத்துவ பீடமும் வந்தது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தது.

இப்போது பாதை மீண்டும் தெற்கே திரும்பியிருக்கிறது. யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமானது. 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014 முதல் ஆனையிறவைக் கடந்து ஓடுகிறது.

நகரமா வளாகமா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. படிக்கும் பாடத்துக்கு எது அருகில் வேண்டும், ஆஸ்பத்திரியா, வயலா, ஆய்வுகூடமா? பிள்ளை எங்கே தங்குவாள்? இந்த இரண்டையும் கேட்டுவிட்டு விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கை எழுதட்டும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வாழும் பழைய மாணவிகள் விடுதி, வாடகை அறை, பஸ் விபரங்களை விசாரித்துக் கல்லூரிக்கு எழுதி அனுப்பினால், இன்றைய உயர்தர மாணவிகளின் வீடுகளுக்கு அது பேருதவியாக இருக்கும்.