கறுப்புப் பாறை, வெள்ளை மணல்

சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் உண்டா? சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் கும்பிட்டு வெளியே வரும்போது கையில் ஒரு சிட்டிகை புற்றுமண் இருக்கும். நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். சொறி, சிரங்கு உள்ள இடத்தில் குழைத்துப் பூசுவார்கள். துளி நாக்கிலும் போட்டுக்கொள்வதுண்டு. மிச்சத்தைப் பொட்டலம் கட்டி வீட்டு உத்தரத்தில் செருகி வைத்தால் பாம்பு அண்டாது என்பது நம்பிக்கை. ஆடித் தபசுக்கு வருகிற கூட்டம் அத்தனை பேரும் அந்த ஊர் மண்ணைக் கொஞ்சம் கொண்டுபோகிறார்கள். மண்ணை எடுப்பது இங்கே மரியாதை.

ஹவாய்த் தீவில் நேர் எதிர். அங்கே எரிமலையே ஒரு பெண் தெய்வம். பெயர் பெலே. அவள் கக்கிய கல்லையோ கறுப்பு மணலையோ பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினீர்களென்றால், வேலை போகும், கால் உடையும், கல்யாணம் முறியும் என்று ஒரு பேச்சு. பழைய ஹவாய்ப் புராணங்களில் இப்படி ஒரு சாபமே இல்லை, இது பின்னால் கிளம்பிய கதை என்கிறார்கள். இருக்கட்டும். பயம் நன்றாகவே வேலை செய்கிறது. ஆசைப்பட்டு எடுத்துப்போன டூரிஸ்ட்டுகள், மன்னிப்புக் கடிதத்தோடு கல்லைப் பார்சலில் திருப்பி அனுப்புகிறார்கள். எரிமலைத் தேசியப் பூங்கா அலுவலகத்துக்கு இப்படி வந்து சேர்ந்த கற்கள் கொஞ்சநஞ்சமல்ல. சாபத்தை நம்பாதவர்களுக்கும் ஒரு தகவல்: பூங்காவிலிருந்து கல் எடுப்பது சட்டப்படியும் குற்றம்.

ஹவாய் நமக்குத் தூரம். நம் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற ஓர் எரிமலைத் தீவு இருக்கிறதே, மொரீஷியஸ்! தேனிலவு ஜோடிகளும் சினிமா யூனிட்டுகளும் போய்வருகிற ஊர். இந்திய பாஸ்போர்ட் இருந்தால் இறங்கியதும் விசா. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும். அந்தத் தமிழுக்கும் ஒரு கதை உண்டு. 1998-ல் புது நோட்டில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி ஹிந்தியை முன்னால் போட்டுவிட்டார்கள். தமிழர்கள் கொதித்தெழ, நோட்டுகளையே வாபஸ் வாங்கிப் பழைய வரிசையில் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

அந்தத் தீவின் பாறையெல்லாம் கன்னங்கரேல். சுமார் எண்பது லட்சம் வருஷங்களுக்கு முன்னால் தொடங்கி எரிமலை கக்கிய கல். அப்படியென்றால் கடற்கரை மணல் மட்டும் எப்படி அரிசி மாவு மாதிரி வெளுப்பாக இருக்கிறது? அது எரிமலை கொடுத்ததல்ல, பவளம் கொடுத்தது. தீவைச் சுற்றி வேலி போட்டதுபோல் பவளத்திட்டு. செத்த பவளமும் சிப்பியும் அலையில் அரைபட்டு மணலாகின்றன. இதில் கிளிமீன்களுக்கும் பங்குண்டு. பவளத்தைக் கடித்துத் தின்று, பின்னால் மணலாக வெளியேற்றுகின்றன. ஆமாம், நீங்கள் புரண்டு படுத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிற மணலில் ஒரு பகுதி மீனின் கழிவு!

ஆக அந்த மணல் அள்ள அள்ளக் குறையாத சரக்கல்ல. இது தெரியாமல் வீடு கட்டவும் ஹோட்டல் கட்டவும் காயலிலிருந்து பல காலம் மணலைத் தோண்டி எடுத்தார்கள். கரை அரித்துக்கொண்டு போவதைப் பார்த்து, 2001-ல் அரசாங்கம் அதைத் தடை செய்தது. நம் தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தீவுக்கு விருந்தாளியாக வந்தவர்கள் ஆரம்பம் முதலே ஒழுங்காக நடந்துகொண்டதில்லை. 1598-ல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பறக்கத் தெரியாத டோடோப் பறவை, மனிதனைக் கண்டு ஓடவும் தெரியாமல் நின்றது. ஆட்கள் அடித்துத் தின்றது பாதி, அவர்கள் கூடவே வந்த பன்றியும் எலியும் குரங்கும் முட்டைகளைத் தின்றது மீதி. நூறு வருஷத்துக்குள் டோடோ பூண்டோடு காலி.

பிறகு பிரெஞ்சுக்காரர்கள். 1735-ல் கவர்னராக வந்த லபூர்தொனே, போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டுவதற்குப் பாண்டிச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். இதே ஆள்தான் 1746-ல் சென்னைக் கோட்டையைப் பிடித்தவர் என்பதை ஆனந்தரங்கப் பிள்ளையின் காலத்தைப் படித்தவர்கள் அறிவார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் ஆயிரக்கணக்கில் அடிமைகள் வந்தார்கள். இந்தியாவிலிருந்தும் அடிமைகள் போனார்கள். இதை நாம் அதிகம் பேசுவதில்லை.

தென்மேற்கு மூலையில் லெ மோர்ன் என்று ஒரு மலை. 556 மீட்டர். கடலிலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கிற எரிமலைப் பாறை. காலடியில் நீல நிறத் தண்ணீர், வெள்ளை மணல். டூரிஸ்ட் போஸ்டர்களில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய இடம்தான். பண்ணைகளிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள் அந்த மலையின் குகைகளிலும் உச்சியிலும்தான் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835 பிப்ரவரி 1-ல் தீவில் அடிமைமுறை ஒழிந்தது. இனி நீங்கள் சுதந்திர மனிதர்கள் என்று சொல்வதற்காகப் போலீஸ்காரர்கள் மலையேறினார்களாம். பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து, மறுபடி அடிமையாவதைவிடச் சாவது மேல் என்று உச்சியிலிருந்து குதித்தார்களாம். வாய்வழியாக வந்த கதை இது. ஆவணம் கேட்டால் யாரிடமும் இல்லை. ஆனால் தங்கள் பெயரைக்கூட எழுதிவைக்க முடியாதவர்களின் வரலாறு வேறு எப்படி வந்து சேரும்? 2008-ல் யுனெஸ்கோ அந்த மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒவ்வொரு பிப்ரவரி 1-ம் தேதியும் அங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள். அதே கரையில் சொகுசு ஹோட்டல்களும் இருக்கின்றன, காற்றாடி கட்டிக்கொண்டு அலையில் சறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு நின்றால் நல்லது.

அடிமைகளுக்குப் பதிலாகத்தான் 1834 முதல் ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். மொத்தம் நாலரை லட்சம் பேர். பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்த பீஹாரிகள். சென்னை வழியாக வந்தவர்கள் தமிழர்களும் தெலுங்கர்களும். அவர்கள் இறங்கிய துறை 'ஆப்ரவாசி கட்' என்ற பெயரில் போர்ட் லூயியில் இருக்கிறது. பீச்சுக்குப் போகிற அவசரத்தில் நம்மவர்கள் பலர் அதை எட்டிப் பார்ப்பதில்லை.

சரி, அந்தக் கடற்கரை யாருக்குச் சொந்தம்? இதற்கு விடை 1807-லேயே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் தெகான் என்ற பிரெஞ்சுத் தளபதி. 1803-ல் நெப்போலியன் இவரைப் பாண்டிச்சேரியை ஏற்றுக்கொள்ள அனுப்பினான். ஆங்கிலேயர்கள் கொடுக்க மறுக்கவே, மனுஷர் மொரீஷியஸுக்குப் போய் கவர்னராக உட்கார்ந்துகொண்டார். எதிரிக் கப்பலைச் சமாளிக்கக் கரை காலியாக இருக்க வேண்டுமே! கடலோரத்தில் 50 எட்டு அகலத்துக்கு உள்ள நிலம், அதாவது 81 மீட்டர் 21 சென்டிமீட்டர், அரசுடையது, விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். பீரங்கிக்காகப் போட்ட உத்தரவு இன்று ஏழைக்கும் கடலில் கால் நனைக்க உரிமை தருகிறது. கரையோர நிலத்தை ஹோட்டல்கள் குத்தகைக்கு எடுத்திருக்கலாம். ஆனால் அலை வந்து தொடுகிற மணல் எல்லோருக்கும் பொது. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்க் குடும்பங்கள் தூக்குச்சட்டியோடு வந்து சவுக்கு மர நிழலில் சாப்பிடுவதைப் பார்த்து முகம் சுளிக்கிற டூரிஸ்ட், அவர்கள் வீட்டு முற்றத்தில்தான் தான் படுத்திருக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்.

2020 ஜூலை 25-ம் தேதி, தென்கிழக்கே பவளத்திட்டில் 'வகாஷியோ' என்ற ஜப்பானியச் சரக்குக் கப்பல் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிந்தது. சுமார் ஆயிரம் டன். காயல் முழுக்கக் கறுப்பு. அரசாங்கத்துக்காகக் காத்திருக்காமல் ஜனங்கள் தாங்களே இறங்கினார்கள். கரும்புச் சோகையைத் துணியில் அடைத்துத் தைத்து, பாம்பு மாதிரி நீள நீளமாகக் கடலில் மிதக்கவிட்டு எண்ணெயைத் தடுத்தார்கள். எண்ணெயை உறிஞ்சும் என்று தலைமுடியை வெட்டிக் கொடுத்தார்கள். மொட்டையடித்து முடி காணிக்கை கொடுக்கிற நமக்கு அந்த மனசு புரியும்.

கப்பலின் கேப்டன் இந்தியர். கப்பலில் பிறந்தநாள் கொண்டாட்டம்; செல்போன் சிக்னலுக்காகக் கரையை ஒட்டி வந்தார்கள் என்பது விசாரணையில் வெளிவந்தது. 2021 டிசம்பரில் 20 மாதச் சிறை. உடைந்த கப்பலின் முன்பாதியை நடுக்கடலுக்கு இழுத்துப்போய் மூழ்கடித்தார்கள். பின்பாதி பவளத்தின் மேலேயே கிடந்தது. அதை அறுத்து எடுத்து முடிக்க 2022 ஆகிவிட்டது.