மஸ்டர் ரோலை வாசித்தவர்கள்

அருணா ராயைப் பற்றி எழுத வருகிற எவரும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். 1946இல் சென்னையில் பிறந்தவர், சில காலம் கலாக்ஷேத்ராவில் படித்தவர், 1968இல் ஐ.ஏ.எஸ்.ஸில் சேர்ந்தவர், 1970களின் நடுவில் அந்த வேலையை உதறிவிட்டு ராஜஸ்தானத்துக் கிராமங்களுக்குப் போனவர். நம் மத்தியதர வர்க்க மனசுக்கு இதைவிட உவப்பான கதை கிடையாது. துறவுக் கதை. அரண்மனையை விட்டு வெளியேறியவனே நமக்கு ஞானி, கலெக்டர் நாற்காலியை விட்டு இறங்கியவரே போராளி. குடிசையில் பிறந்து குடிசையிலேயே இருந்துகொண்டு போராடுகிறவளை இந்தக் கதையாடல் கண்டுகொள்வதே இல்லை.

இந்தக் கதையாடலைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுத் தகவல் அறியும் உரிமையின் வரலாற்றைப் பார்க்க முடியுமா என்பதே என் கேள்வி. அருணா ராயின் பங்கைக் குறைத்துப் பேசுவதற்காக இதைக் கேட்கவில்லை. 2018இல் வந்த அவருடைய புத்தகத்தையே சங்கத்தினரோடு சேர்ந்து எழுதியதாகத்தான் அவர் வெளியிட்டார். நாம்தான் அட்டையில் இருக்கிற முதல் பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம்.

என் பார்வையில் இதை ஒரு காகிதத்தின் வரலாறாக எழுத வேண்டும். மஸ்டர் ரோல். அரசாங்க வேலைத்தலத்துக்கு யார் வந்தார்கள், எத்தனை நாள், என்ன கூலி, எங்கே கைநாட்டு என்பதையெல்லாம் பதிந்து வைக்கிற பட்டியல். பெயரே பட்டாளத்திலிருந்து வந்தது. சிப்பாய்களை வரிசையில் நிறுத்தித் தலை எண்ணுகிற விவகாரம். பசித்தவனை வேலை வாங்கி, வேலையை அளந்து, எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் சோறு போடுவது என்கிற ஏற்பாட்டை வெள்ளை அரசாங்கம் பெரிய அளவில் செய்துபார்த்த இடங்களில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. தாது வருஷப் பஞ்சத்தில் ஆள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் கணக்குப் போட்டார். சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். வெட்டியவர்களின் பெயரை எழுதியவன் ஒருவன். எழுதப்பட்டவர்களுக்கோ அதை வாசிக்கத் தெரியாது. 1923இல் அரசாங்க இரகசியச் சட்டம் வந்தபோது கோப்புக்குள் எட்டிப் பார்ப்பதே ஆபத்து என்கிற பழக்கம் இன்னும் இறுகியது. சுதந்திரம் வந்தது. கோப்புக்கு வரவில்லை.

1981இல் அஜ்மீர் மாவட்டம் ஹர்மாடாவில் பஞ்ச நிவாரண வேலை பார்த்த பெண்கள், சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று கேட்டார்கள். முன்னால் நின்றவர்களில் நவுர்த்தி பாய் என்ற தலித் பெண் முக்கியமானவர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வாங்குகிற வேலை, அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை செய்கிற கட்டாய உழைப்பே என்று 1983இல் தீர்ப்பு வந்தது. நிவாரண வேலை என்று பெயர் வைத்துவிட்டால் கூலிச் சட்டம் செல்லாது என்கிற வாதம் அதோடு செத்திருக்க வேண்டும். சாகவில்லை. அது மஸ்டர் ரோலுக்குள் போய் ஒளிந்துகொண்டது. கூலியைக் குறைக்கவில்லை, இவர்கள் வேலை செய்ததே அவ்வளவுதான், எழுதியிருக்கிறது பார் என்றார்கள். எங்கே எழுதியிருக்கிறது, காட்டு என்றால் அது அரசாங்க இரகசியம்.

1987இல் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் குடும்பம் ஆகியோர் தேவ்டுங்ரி என்ற சிற்றூரில் ஒரு மண் வீட்டில் குடியேறினார்கள். 1990 மே தினத்தன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் பிறந்தது. முழுநேர ஊழியர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியளவுதான் ஊதியம். காகிதங்கள் வெளியே வராத வரைக்கும் பொய்யர்கள் நாம்தான் என்று அந்தச் சங்கத்தில் சொன்னவர் மோகன்ஜி என்ற பெரியவர். கோட்பாட்டு முன்னுரை எதுவும் இல்லாமல் சொன்னார். முன்னாள் அதிகாரி கொண்டுவந்தது வேறு வகை அறிவு என்று ஊகிக்கிறேன். மஸ்டர் ரோலுக்குப் பின்னால் அளவுப் புத்தகம் இருக்கும், அதற்குப் பின்னால் பில், வவுச்சர், வேலை முடிந்ததற்கான சான்று. ஒன்றில் பொய் சொன்னால் அடுத்ததிலும் சொல்லியாக வேண்டும். எந்தக் காகிதம் எந்த அலமாரியில் தூங்குகிறது என்பது உள்ளே உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியும். நாற்காலியை விட்டதைக் காட்டிலும் நாற்காலியில் இருந்தபோது கற்றதுதான் இந்த இயக்கத்துக்குப் பயன்பட்டது.

1994 டிசம்பரில் கோட் கிரானாவில் முதல் ‘ஜன சுன்வாயி’, மக்கள் விசாரணை, நடந்தது. அப்போது சட்டம் எதுவும் கிடையாது. மனசாட்சியுள்ள அதிகாரி ஒருவர் வழிவிட்டதால் ஆவணங்களின் விவரங்கள் கையில் கிடைத்தன. பந்தல் போட்டு, மைக் வைத்து, மஸ்டர் ரோலில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். அவ்வளவுதான் செய்தது. பெயருக்குரியவர்கள் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே என்று ஒருவர் எழுந்தார். பிழைப்புக்கு ஊரைவிட்டுப் போனவர் பெயரில் கூலி, செத்தவர் பெயரில் கைநாட்டு. முடிந்துவிட்டதாகக் காகிதம் சொன்ன கட்டடம் எதிரிலேயே கூரையில்லாமல் நின்றது. அடுத்தடுத்த விசாரணைகளில் இல்லவே இல்லாத ஒரு கம்பெனி அரசாங்கத்துக்குச் சாமான் விற்றதும் வெளியே வந்தது. அறிவு, அதிகாரம் என்று ஃபூக்கோவை வைத்துக்கொண்டு நாம் இங்கே பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் அங்கே அதற்கு மைக் செட் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எழுத்தறியாதவர்கள்தான் எழுத்தைத் திருத்தினார்கள். ஏடு சொன்னதற்கு எதிராக வாய்ச்சொல் சாட்சியாக நின்றது. ஊர் நம்பியது வாய்ச்சொல்லை.

1995 ஏப்ரலில் முதல்வர் பைரோன்சிங் ஷெகாவத் சட்டசபையில் நகல் தருவோம் என்றார். ஒரு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. 1996 ஏப்ரல் 6ஆம் தேதி பேவாரில் தர்ணா தொடங்கி 40 நாள் நீடித்தது. சந்தைக்கு அனுப்பிய மகனிடம் பத்து ரூபாய்க்குக் கணக்குக் கேட்கிறேன், என் பெயரில் லட்சக்கணக்கில் செலவழிக்கிற சர்க்காரிடம் கேட்கக்கூடாதா என்று சுசீலா என்ற பெண் கேட்ட கேள்வியும் அந்தக் காலத்ததுதான். ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பது கோஷமாயிற்று. 1997இல் ஜெய்ப்பூரில் 53 நாள் தர்ணா. அதன் முடிவில் துணை முதல்வர் ஒரு விஷயத்தை அறிவித்தார்: நீங்கள் கேட்கிற நகல் உரிமையை ஆறு மாதத்துக்கு முன்பே கெஜட்டில் போட்டுவிட்டோம்! வெளிப்படைத்தன்மைக்கான உத்தரவே யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கிறது. அரசு எந்திரத்தின் சுபாவத்தை விளக்க எனக்கு இதற்கு மேல் ஓர் உதாரணம் வேண்டாம்.

அதே 1997இல் தமிழ்நாடு சட்டமன்றம் தகவல் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. நாட்டிலேயே முதலாவது என்று மார்தட்டிக்கொள்ளலாம், தட்டியும்கொண்டோம். இருபதுக்கும் மேற்பட்ட விதிவிலக்குகள். தகவல் தர மறுக்கிற அதிகாரிக்குத் தண்டனை இல்லை. அதன் பின்னால் ஒரு கூலிக் கணக்கோ ஒரு பந்தலோ இல்லை. கேட்காமல் மேலிருந்து கொடுத்த சட்டம், யாரும் கேட்காமலே கிடந்தது. திராவிட ஆட்சிகளின் சமூகநலத் திட்டங்களை மதிக்கிற எனக்கும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: கொடுப்பதில் நம் அரசியலுக்கு இருக்கிற தாராளம் கணக்குக் காட்டுவதில் இருந்ததில்லை.

மத்தியில் 2002இல் நிறைவேறிய சட்டம் அமலுக்கே வரவில்லை. 2005 சட்டம் அக்டோபர் 12இல் அமலுக்கு வந்தது. 30 நாளில் பதில், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். தமிழ்நாட்டுச் சட்டத்தில் இல்லாதிருந்த பல் இதுதான். அப்போது அருணா ராய் தேசிய ஆலோசனைக் குழுவில் இருந்தார். அரசுக்கு எதிரே உட்கார்ந்தவர் அரசின் பக்கத்தில் போய் உட்காரலாமா என்று தோழர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். பேவாரில் 40 நாள் உட்கார்ந்தவர்கள் சொல்லியனுப்பிய ஆள் அவர் என்று பார்த்தால் அந்தச் சுளிப்புக்கு அவ்வளவு நியாயம் இல்லை என்று எனக்குப் படுகிறது.

2019இல் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே நிர்ணயிக்கும்படி சட்டம் மாற்றப்பட்டது. அதைப் பற்றியாவது கொஞ்சம் சத்தம் கேட்டது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சத்தமில்லாமல் 8(1)(ஜே) பிரிவைத் தொட்டது. தனிநபர் தகவல் என்றாலும் பொதுக் காரியத்தோடு தொடர்பிருந்தால், பொதுநலன் பெரிதென்றால், தரலாம் என்று முன்பு அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகங்கள் போய்விட்டன. இப்போது தனிநபர் தகவல் என்றால் மறுக்கலாம். 8(2) பிரிவில் பொதுநலன் இன்னும் இருக்கிறதே என்று வாதிடுகிறார்கள். இருக்கிறதுதான். ஆனால் அதை எடைபோடப் போகிறவர் கோப்பைக் கையில் வைத்திருக்கிற அதே அதிகாரி. மஸ்டர் ரோலில் என்ன இருக்கிறது? பெயர், ஊர், வேலை பார்த்த நாள், வாங்கிய கூலி, கைநாட்டு. எல்லாமே தனிநபர் தகவல். கோட் கிரானாவில் மைக்கில் வாசித்ததும் அதைத்தான்.