குதிரைப் பந்தயத்தில் வரிசைமாற்றங்கள்

குதிரைப் பந்தயத்தில் வரிசைமாற்றங்கள் என்பது, ஓர் ஓட்டத்தின் முதல் சில இடங்களைக் குதிரைகள் எத்தனை விதமான வரிசைகளில் பிடிக்கக்கூடும் என எண்ணும் கணக்கு முறையாகும். முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என வரிசை தவறாமல் முன்கூறிப் பணம் கட்டும் பந்தயங்களில் இது பயன்படுகிறது. எத்தனை சீட்டுகள் வாங்க வேண்டும் என்பதை இவ்வெண்ணிக்கை தருகிறது. ஆனால் வெல்லும் வாய்ப்பை அது மட்டும் தருவதில்லை.

வாய்பாடு

ஓட்டத்தில் ந குதிரைகள் இருப்பின் முதலிடத்தை ந வழிகளில் நிரப்பலாம். எஞ்சியவற்றுள் ஒன்று இரண்டாமிடம் பெறுவதால் அதற்கு ந − 1 வழிகள் உள்ளன. இவ்வாறு முதல் ர இடங்களுக்கான வரிசைமாற்றங்களின் எண்ணிக்கை:

ந! ÷ (ந − ர)!

இங்கு ந! என்பது 1 முதல் ந வரையிலான எண்களின் பெருக்கற்பலன் ஆகும். இரு குதிரைகள் ஒரே நேரத்தில் எல்லையைக் கடப்பதில்லை என இவ்வாய்பாடு கொள்கிறது.

எடுத்துக்காட்டு

அமெரிக்காவின் லூயிவில் நகரில் 1875 முதல் நடைபெற்றுவரும் கென்டக்கி டெர்பியில் அதிகபட்சமாக 20 குதிரைகள் ஓடலாம். 20 குதிரைகளுக்கு:

* எக்சாக்டா (முதல் 2 இடங்கள்): 20 × 19 = 380
* டிரைஃபெக்டா (முதல் 3 இடங்கள்): 20 × 19 × 18 = 6,840
* சூப்பர்ஃபெக்டா (முதல் 4 இடங்கள்): 20 × 19 × 18 × 17 = 1,16,280

வரிசையைக் கருதாமல் மூன்று குதிரைகளை மட்டும் தேர்ந்தெடுத்தால் அது சேர்மானம் ஆகும். ஒவ்வொரு மூன்றையும் 3! = 6 விதங்களில் அடுக்கலாம் என்பதால், சேர்மானங்களின் எண்ணிக்கை 6,840 ÷ 6 = 1,140 ஆகும்.

பந்தயத் தொகை

தேர்ந்த குதிரைகளின் எல்லா வரிசைகளையும் ஒருங்கே வாங்குவது 'பாக்ஸ்' எனப்படும். டிரைஃபெக்டாவில் 4 குதிரைகளுக்கு 4 × 3 × 2 = 24 சீட்டுகளும், 5 குதிரைகளுக்கு 60 சீட்டுகளும் தேவை. ஒரு குதிரை கூடும்போது செலவு இரண்டரை மடங்காகிறது. வெல்லும் குதிரையை உறுதியாகக் கொண்டு, அடுத்த இரு இடங்களுக்கு வேறு 4 குதிரைகளைத் தேர்ந்தால் 1 × 4 × 3 = 12 சீட்டுகள் போதும்.

எண்ணிக்கையும் நிகழ்தகவும்

6,840 வரிசைகள் உள்ளதால் ஒவ்வொன்றின் நிகழ்தகவும் 1/6,840 எனக் கருதுவது பிழையாகும். எல்லாக் குதிரைகளும் சம திறனுடையவை எனில் மட்டுமே அது பொருந்தும். 1973 இல் டேவிட் ஹார்வில் வெளியிட்ட முறையின்படி, ஒரு குதிரை முதலிடம் பெற்றபின் எஞ்சியவை தம் வெற்றி வாய்ப்புகளின் விகிதத்தில் அடுத்த இடத்துக்குப் போட்டியிடுகின்றன. அ, ஆ, இ ஆகிய மூன்று குதிரைகளின் வெற்றி வாய்ப்புகள் முறையே 0.5, 0.3, 0.2 எனக் கொள்க.

* அ-ஆ-இ என்னும் வரிசை: 0.5 × (0.3 ÷ 0.5) = 0.3
* இ-ஆ-அ என்னும் வரிசை: 0.2 × (0.3 ÷ 0.8) = 0.075

இரண்டும் ஆறு வரிசைகளுள் அடங்குபவையே எனினும், முதலாவது நான்கு மடங்கு வாய்ப்புடையது.

பரிசுத் தொகையும் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. பாரி-மியூச்சுவல் முறையில், திரண்ட பணத்தில் நடத்துவோரின் கழிவு போக எஞ்சியது சரியான சீட்டு வைத்திருப்போருக்குப் பகிரப்படுகிறது. 2005 கென்டக்கி டெர்பியில் அதிகம் எதிர்பார்க்கப்படாத ஜியாகோமோ வென்றபோது, 1 டாலர் சூப்பர்ஃபெக்டா சீட்டுக்கு 8,64,253.50 டாலர் கிடைத்தது. பலரும் எதிர்பார்க்கும் குதிரைகள் முன்னிலை பெறும் ஆண்டுகளில், அதே 1,16,280 வரிசைகளுள் ஒன்றுக்குக் கிடைக்கும் தொகை இதைவிட மிகக் குறைவாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* வரிசைமாற்றம்
* சேர்மானம்
* நிகழ்தகவு